பச்சை பல்பும் சிவப்பு பல்பும்

நான் வேலை பார்த்த ஆடியோ கடையின் பிள்ளைகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த என்னையும் மரியாதைக்காக அதில் சேர்த்திருக்கிறார்கள், ஓடாத கடிகாரத்தைச் சுவரிலேயே விட்டு வைப்பதைப் போல. போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. "பாபு அண்ணா, கஸ்டமர் ஒருத்தர் ரெண்டு டவர் ஸ்பீக்கர் பாத்து வச்சிருக்கார். வீட்டுக்கு எது நல்லதுன்னு கேக்குறார். நீங்கன்னா எதைச் சொல்வீங்க?" கூடவே இரண்டு படங்கள். இரண்டும் இடுப்புயரம், இரண்டும் கறுப்பு. கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்க நிற்கும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

நான் பதில் தட்டினேன்: "முதல்ல ரெண்டும் பாடுதான்னு கையை வச்சுப் பாருங்க."

சிரிக்கும் முகங்களாக வந்து கொட்டின. ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். என் முகராசி அப்படி. நான் பயந்து அலறினாலும் பக்கத்தில் இருப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கடையில் இப்போது ஸ்பீக்கரைப் பாடவிட்டுக் கேட்கும் அறையும் இல்லை. அதை அட்டைப்பெட்டிகள் அடுக்கும் இடமாக்கிவிட்டார்கள். வாங்குகிறவர் போனிலேயே பார்த்து, போனிலேயே படித்து, போனிலேயே வாங்கிவிடுகிறார். ஆகவே நான் ஏன் அப்படிப் பதில் போட்டேன் என்பதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் இங்கே எழுதுகிறேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

நான் ஜீவனஹள்ளிக்காரன். டிப்ளமாவில் தேர்ச்சி பெறாமல் வெளியேறியதுதான் என் உயர்கல்வி. அல்சூர் பக்கம் மெயின் ரோட்டில் இருந்த அந்தக் கடையில் முதலில் சுமை தூக்கச் சேர்ந்தேன். டவர் ஸ்பீக்கரை மாடிப்படியில் ஏற்றும்போது அதை ஒரு பெரியம்மாவைப் போல அணைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் முகப்புத் துணியில் விரல் படக் கூடாது. அதைக் கற்கச் சில வருடங்கள் போயின. பிறகு வயர் போடக் கற்றேன். பிறகு ஒருநாள் நாகராஜ் சார் என்னைக் கேட்கும் அறைக்குள் கூப்பிட்டு, "செருப்பு வெளிய விடு" என்றார். அதுதான் என் பதவி உயர்வு.

நாகராஜ் சார்தான் கடையின் மேனேஜர். மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவ்வளவுதான். அவர் கை கண்ணாடியை நோக்கிப் போனால் கடையே மூச்சை அடக்கிக்கொள்ளும். துடைத்து மாட்டிய பிறகு எதுவும் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் தேவலை.

இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அதில் இம்மி பிசகக் கூடாது. அறையின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்காருகிறவரின் காது எங்கே வருமோ அங்கே சத்தம் அளக்கும் மீட்டரை ஒரு முக்காலிக் காலில் நிறுத்த வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்டது மாதிரி ஒரு இரைச்சலை முதல் ஜோடியில் விட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டாவது ஜோடி. முள் இரண்டுக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் உரக்கப் பாடுகிற ஸ்பீக்கர்தான் எப்போதும் ஜெயிக்கும், அதனால் உரக்கப் பாட எவனையும் விடாதே என்பது அவர் சட்டம். அதன் பிறகு இரண்டு ஜோடியையும் மறைத்துக் கறுப்புத் திரை. எது எந்தக் கம்பெனி, எது விலை கூடியது, ஒன்றும் தெரியாது. வெளியே தெரிவது ஒரு மரப்பெட்டி மட்டும். அதில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருகினால் பச்சை பல்பு எரிந்து முதல் ஜோடி பாடும். மறுபக்கம் திருகினால் சிவப்பு பல்பு எரிந்து இரண்டாவது ஜோடி பாடும். அந்தப் பெட்டி சார் தன் கையால் செய்தது. அதை எங்களைத் துடைக்கக்கூட விட மாட்டார்.

இன்னொரு விதியும் உண்டு. டெமோ நடக்கும்போது விற்கிறவன் முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். வாங்குகிறவர் பாட்டைக் கேட்பதைவிட விற்கிறவன் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பாராம். என் முகமோ ரப்பர். சார் சில நாள் பார்த்துவிட்டு, "நீ பின்னாடி நில்லு" என்று நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். மீதிக் காலமெல்லாம் நான் கஸ்டமர்களின் பின்மண்டையைப் பார்த்தே பிழைத்தவன். மெட்ரோ வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ரயில் போகும்போது அறையின் தரை லேசாக உறுமும். உடனே கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தி, போனதும் மறுபடி விட வேண்டும். டிராபிக் போலீஸ் வேலை.

இந்த ஏற்பாட்டில் தவறு நடக்க வழியே இல்லை என்று நம்பினேன். என் காதைப் பற்றியும் ஒரு கர்வம் இருந்தது. "பாபு கேட்டுச் சொல்லிட்டா அப்பீல் இல்ல" என்று கடையில் சொல்லுவார்கள். நானே முதலில் சொல்லிப் பரப்பியது, பிறகு அவர்களும் சொன்னார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்தார். எங்கள் அடுத்த தெரு. கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவர். பக்கத்தில் யாராவது சுதி தப்பினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடிப்பார் என்று அவருக்குப் பெயர். தனியாக வந்து, கவுன்டரில் குனிந்து ரகசியமாகப் பேசினார்.

"பாபு, உங்கண்ணனைச் சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். ஸ்பீக்கர் வாங்கணுமாம்."

"வாங்கக்கா, நம்ம கடைதானே."

"ஸ்பீக்கர் ஒண்ணும் கெடல பாபு. காதுதான் கெட்டுப்போச்சு. ஃபேக்டரில பிரஸ் மெஷின் பக்கத்திலயே நின்னு ரிட்டயர் ஆன மனுஷன். கேட்டா, வீட்டு ஸ்பீக்கர் மங்கிப்போச்சு, டிவி மங்கிப்போச்சு, போன்ல சிக்னல் சரியில்ல, ஃபாதர் பிரசங்கத்துல முழுங்கி முழுங்கிப் பேசுறார்ங்கிறார். ஊருல எல்லாருக்கும் வாய் கெட்டுப்போச்சு, இவர் காது மட்டும் நல்லா இருக்கு."

"டாக்டர்கிட்ட..."

"எனக்கான்னு கேட்டு ரெண்டு நாள் பேசல. மெல்பர்ன்ல பேத்தி இருக்குல்ல, ஷைனி. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும். குழந்தைக் குரல், கீச்சுன்னு இருக்கும். இவருக்கு ஒண்ணும் புரியாது. ஓகேடா கண்ணு, ஓகேடா கண்ணுன்னுட்டு என்கிட்ட தள்ளிடுவார். போன மாசம் அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'தாத்தாகிட்ட குடுக்காத பாட்டி'ன்னுச்சு. அவர் பக்கத்திலதான் உக்காந்திருந்தார். சிரிச்சிக்கிட்டே உக்காந்திருந்தார். காதுல விழல பாபு."

அக்கா தன் திட்டத்தைச் சொன்னார். இரண்டு ஜோடியில் ஒன்று கூர்மையாகவும் மற்றது மெத்தென்றும் இருக்க வேண்டும். நல்ல காது உள்ள எவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அண்ணனுக்குத் தெரியாது. அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். "டாக்டர் சொன்னா நம்ப மாட்டார். ஸ்பீக்கர் சொன்னா நம்புவார்."

எனக்குக் குஷி தாங்கவில்லை. சரியான இரண்டு மாடல்களை நானே பொறுக்கினேன். ஒன்று சொல்லின் கடைசி எழுத்தைக்கூட ஊசியால் குத்திக் காட்டும். மற்றது எல்லாவற்றையும் சால்வை போர்த்தித்தான் வெளியே அனுப்பும். சனிக்கிழமை காலை மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது. எதையும் கூட்டிக் குறைக்கத் தேவையே வரவில்லை. கறுப்புத் திரையை இழுத்துவிட்டேன். கூர்மைக்குப் பச்சை. சால்வைக்குச் சிவப்பு.

அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் சலவைச் சட்டையும் செண்ட்டுமாக வந்தார். குரல் மைக் இல்லாமலே மாநாடு நடத்தும். "என்ன பாபு, எங்க உன் ஸ்பீக்கரு? திரைக்குப் பின்னாடி வச்சிருக்கே, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல இருக்கு!"

"உக்காருங்கண்ணே. கேட்டுட்டுத்தான் முகம் பாக்கணும்."

"வீட்ல இருக்கிறது போச்சுப்பா. பாடுறவன் வாயில துணியை அடைச்ச மாதிரி இருக்கு."

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் சுவராக இருக்க முயன்றேன்.

ஒரு பெண் குரலும் தம்பூராவும் மட்டும் உள்ள பதிவை விட்டேன். பச்சை. அக்கா உடனே முகத்தைச் சுளித்தார். "இது குத்துது." சிவப்பு. தோள் இறங்கியது. "ஆங். இது பஞ்சு மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், பிறகு தேவைப்படும். பச்சையில் தம்பூராவின் தந்திக்கு முள் முளைத்திருந்தது. பாடுகிற அம்மாள் மூச்சை இழுப்பது உதட்டுக்கு அருகில் கேட்டது. சிவப்பில் அந்த அம்மாள் ரெண்டடி பின்னால் போய் உட்கார்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பாடினார். அந்த வித்தியாசம் என் காதில் இன்னும் இருக்கிறது.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார் அண்ணன்.

"நல்லாக் கேளுங்க."

மெட்ரோ போனது. கையைத் தூக்கினேன். போனதும் மறுபடி விட்டேன். பச்சை, சிவப்பு, பச்சை. வீணை போட்டோம், மிருதங்கம் போட்டோம், அக்கா தன் போனில் வைத்திருந்த பாடகர் குழுவின் பதிவையும் போட்டோம். "இதுல என் குரலே ரெண்டு விதமா இருக்கு, அது கூடவா தெரியல?" என்றார் அக்கா. அண்ணன் கண்ணை மூடினார். முன்னால் சாய்ந்தார். கையைக் காதுக்குக் கிண்ணமாக வைத்தார். அவர் கழுத்தில் வியர்வை கோடு போட்டு இறங்குவதைப் பின்னால் நின்று பார்த்தேன்.

"ஒண்ணாத்தான்மா இருக்கு" என்றார். இந்த முறை மாநாட்டுக் குரல் இல்லை.

"காது போச்சு உங்களுக்கு!" என்று அக்கா போட்டு உடைத்தார். "ஸ்பீக்கரும் போகல, சிக்னலும் போகல. உங்க காதுதான் போச்சு!"

அண்ணன் நாற்காலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "பாபு, நீ சொல்லு. வித்தியாசம் இருக்காப்பா?"

"இருக்குண்ணே" என்றேன். "நல்லாவே இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினார், அங்கே ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போல. "சரி ஸ்டெல்லா. டாக்டரையே பாக்கலாம்" என்றார். அக்கா ஜெயித்துவிட்டார், ஆனால் ஜெயித்த முகம் இல்லை. "எனக்கு அந்தச் சிவப்பையே போட்டுடு பாபு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அண்ணன் முழங்கையைப் பிடித்து வெளியே காபிக்குக் கூட்டிப்போனார்.

வேலை முடிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. விற்ற ஜோடியைக் கட்டுவதற்கு முன் பாடும்போதே அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கேயாவது லொடலொடப்பு இருந்தால் கை சொல்லிவிடும். அதுவும் சாருடைய விதி. திரைக்குப் பின்னால் போய்ச் சிவப்பு ஜோடியின் தலையில் கையை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது. அசைவில்லை.

கீழே இறக்கி வூஃபரின் காகிதக் கூம்பில் விரலை வைத்தேன். துடிப்பில்லை. காதை ஒட்டினேன். உள்ளே யாரும் இல்லை. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் பிணம். பக்கத்தில் இருந்த பச்சை ஜோடியில் கையை வைத்தேன். அது காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. எரிவது சிவப்பு. பாடுவது பச்சை.

திரையைத் தாண்டி ஓடிப்போய்ப் பெட்டியைத் திருகினேன். பல்பு மாறியது. பாட்டு இடம் மாறவில்லை. மறுபடி திருகினேன். பல்பு மட்டும் ஒழுங்காக மாறி மாறிக் கண்ணடித்தது. உள்ளே இருந்த இணைப்பு பச்சைப் பக்கமே ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் மீட்டர் முள் எதையும் கூட்டிக் குறைக்காமலே ஒரே இடத்தில் நின்றது அதனால்தான்.  அக்கா முதல் தடவை "பஞ்சு மாதிரி" என்று சொன்னபோதும் பாடியது பச்சைதான். அவர் சிவப்பில் கேட்ட தன் இரண்டாவது குரலும் பச்சைதான். பாடுகிற அம்மாள் பின்னால் போய் உட்காரவில்லை. வெற்றிலை துப்பவில்லை. அதெல்லாம் என்னுடைய ஏற்பாடு.

வாயே திறக்காத ஒரு ஸ்பீக்கரை, இனிமையாகப் பாடுகிறது என்று விற்றுவிட்டேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது என்னவென்று ஒவ்வொன்றாகத்தான் மண்டையில் ஏறியது. அறையில் நான்கு நல்ல காதுகளும் இரண்டு கெட்ட காதுகளும் இருந்தன. சரியாகச் சொன்னது அந்தக் கெட்ட காதுகள். இத்தனை வருடம் நான் காதுக்காகத்தான் சம்பளம் வாங்கினேன் என்றால், மாதா மாதம் அந்தச் சம்பளத்தை வாங்கியது யார்?  எங்கள் தெருவில் உள்ள மாரியம்மனையும் மாதாவையும் தர்காவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். யார் முதலில் வந்தாலும் சரி. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. அண்ணன் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டுவிட்டார். அக்காவின் காரியம் ஆகிவிட்டது. ஆனால் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் கண் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

நாகராஜ் சார் உள்ளே வந்தார். "ஏனப்பா, நெலத்துல உக்காந்திருக்கே?"

"சார், பொட்டி செத்துப்போச்சு."

கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். "அவங்க எது எடுத்தாங்க?"

"சிவப்பு சார்."

"சிவப்பு பாடலையா?"

"பாடவே இல்ல சார். ஆரம்பத்திலிருந்தே."

துடைத்தார். "நீனு? நீயும் கேட்டியா வித்தியாசம்?"

"கேட்டேன் சார். பிரமாதமாக் கேட்டேன்."

மெட்ரோ ஒன்று வந்து தரையை உறுமவிட்டுப் போனது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கூப்பிடு அவங்களை. நீயே சொல்லு."

சொன்னேன். பல்பு மாறியது, ஸ்பீக்கர் மாறவில்லை, எல்லாம் ஒரே ஜோடிதான் என்று சொல்லும்போது என் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரலாக உடைந்தது. ஸ்டெல்லா அக்கா நம்பவில்லை. நேராகத் திரைக்குப் பின்னால் போய் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. "எனக்குக் கேட்டுச்சு பாபு. மாதா மேல சத்தியமாக் கேட்டுச்சு. பஞ்சு மாதிரி இருந்துச்சு."

"எனக்கும்தான்க்கா."

அந்தோணி அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாநாட்டுக் குரல் திரும்பி வந்தது. சிரிக்க ஆரம்பித்தார். பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. "அப்படின்னா இந்த ரூம்ல காது இருக்கிறவன் நான் ஒருத்தன்தானா? கோயர்ல பாடுறாங்களாம்! கடையில அப்பீலே இல்லையாம்! ஏம்மா, உனக்கு என் குரலும் ரெண்டு விதமாத்தான் கேக்குதா?"

சார் அவர் சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை. திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, ஒட்டியிருந்ததைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்தார். மூடினார். பச்சையில் விட்டுக் கையை வைத்தார். சிவப்பில் விட்டுக் கையை வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். இரண்டும் உயிரோடு இருந்தன. "இன்னொரு சல கேக்கட்டும்" என்றார், இன்னொரு தடவை என்பதற்கு.

மறுபடி அதே பெண் குரல். பச்சை. சிவப்பு. இப்போது நிஜமான வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். இருந்ததா? எனக்கு இருந்தது போலத்தான் இருந்தது. ஆனால் சற்று முன்னும் இப்படித்தானே இருந்தது! காதில் விழுந்த ஒவ்வொன்றையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்டேன்.

அண்ணன் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார், தீர்ப்பு எழுதுகிற தோரணையில்.

 அக்கா என் பக்கம் திரும்பினார். "பாபு, இப்ப வித்தியாசம் இருக்கா?"

"என்னைக் கேக்காதீங்கக்கா. என் காது இன்னிக்கு லீவு."

அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் புரிந்தது. இனி இந்த மனிதரை ஆயுசுக்கும் டாக்டரிடம் கூட்டிப்போக முடியாது. கண் முன்னால் காது கேளாமல் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அதைச் சொல்லும் தகுதி அந்த அறையில் யாருக்கும் இல்லை. பேத்தி பேசும், இவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொன்ன புண்ணியத்தில் நான்தான் அதைக் கட்டி முடித்திருக்கிறேன்.

ஆனால் ஜெயித்த மனிதருக்குத் தாராளம் வந்துவிடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"சரி ஸ்டெல்லா" என்று எழுந்தார் அண்ணன். "காது டாக்டர், காது டாக்டர்ன்னியே, எங்க இருக்கார்? உன்னைக் காமிச்சே ஆகணும். நாளைக்குக் கோயில்ல நீ பாட்டுக்கு எவனையாவது இடிச்சு வைப்பே. பாபுவையும் இழுத்துட்டுப் போலாம். பாவம், காதை வச்சுப் பொழைக்கிறவன்."

அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். "நான் தனியா உள்ள போக மாட்டேன். பயமா இருக்கு. நீங்களும் காமிங்க."

"எனக்கு எதுக்கு?"

"துணைக்கு."

"சரி வா, துணைக்கு" என்றார் அவர்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். நான் லீவு கேட்கும் முன்பே சார் கொடுத்துவிட்டார்.

காக்ஸ் டவுனில் ஒரு சின்ன கிளினிக். டெலிபோன் பூத் மாதிரி ஒரு கண்ணாடி அறை. உள்ளே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே ஒரு பெண் திருகுகளைத் திருகி எழுதிக்கொள்வார். முதலில் ஸ்டெல்லா அக்கா. "இருபது வயசுக் காது ஆன்ட்டி" என்றார் அந்தப் பெண். அடுத்து நான். எந்த ஒலியையும் தவறவிடக் கூடாது என்ற வெறியில் பொத்தானை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தார்.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அண்ணன் வெளியே பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். கடைசியில் என் காதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு வந்தது. எனக்கு அது பெரிய இடி. காதில் ஓட்டை என்று சொல்லியிருந்தால் பழியை அங்கே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "அப்ப இல்லாதது எனக்கு எப்படிம்மா கேட்டுச்சு?" என்றேன். "காது வரைக்கும்தான் சார் நாங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிறது வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

பிறகு அண்ணன் உள்ளே போனார். போகும்போது எங்களுக்குக் கை காட்டினார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்காருவது போல உட்கார்ந்தார். அந்தப் பெண் திருகினார். எழுதினார். கொஞ்சம் கூட்டினார். எழுதினார். இன்னும் கூட்டினார். அண்ணன் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். கட்டைவிரல் ஒன்றிரண்டு தடவைதான் அசைந்தது. மீதி நேரமெல்லாம் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"என்னம்மா, மெஷின் பேஜார் பண்ணுதா?" என்றார் அண்ணன். "கடைசியில சத்தமே வரல. எப்ப ஆரம்பிப்பே?"

"முடிஞ்சிடுச்சு அங்கிள்" என்றார் அந்தப் பெண்.

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சைத் தட்டிச் சிரித்த மனிதர்தான். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆரம்பிக்காததையே கேட்டவன். அவர் முடிந்துபோனதற்காகக் காத்திருந்தவர். என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. ஸ்டெல்லா அக்கா நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று சொல்லவில்லை. உள்ளே போய் அவர் கையிலிருந்த பொத்தானை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து அண்ணன் தனியாகக் கடைக்கு வந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் பயறு அளவுக்கு ஒரு கேட்கும் கருவி ஒட்டிக்கொண்டிருந்தது. வந்ததுமே புகார்தான். "பேப்பர் புரட்டினா மழை பெய்யுது பாபு. நான் முறுக்கு கடிச்சா எனக்கே பயமா இருக்கு. ஸ்டெல்லா இவ்வளவு பேசுறாளா? இத்தனை வருஷம் நான் எப்படி நிம்மதியா இருந்தேன்னு இப்பத்தான் தெரியுது."

பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தேன். திரை போட்டேன். இந்த முறை நான் திரைக்குப் பின்னால் இருந்தேன், ஒரு கை பச்சையில், ஒரு கை சிவப்பில். திருகியது நாகராஜ் சார்.

"இது குத்துது" என்றார் அண்ணன். சற்றுக் கழித்து, "இது பஞ்சு" என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எதைக் கட்டட்டும்ணே?"

"எதையும் வேணாம்பா. வீட்ல இருக்கிற பழசு ஜம்முனு பாடுது. அது மங்கவே இல்ல." சார் இருந்த பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நான் வந்தது வேற விஷயம். ஷைனி எனக்கு வாட்ஸப்ல பேசிப் பேசி அனுப்பியிருக்கா, முன்னாடி. அப்ப ஒண்ணும் புரியல. இப்பக் கேக்கலாம். ஆனா வீட்ல, ஸ்டெல்லா எதிர்ல... நீ இதுல போடேன்."

திரையை விலக்கி வந்து போனை வாங்கி இணைத்துவிட்டு, மறுபடி ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இடுப்புயர ஸ்பீக்கரிலிருந்து குழந்தைக் குரல் அறை முழுக்க வந்தது.

"தாத்தா, நான் பேசுறது கேக்குதா? கேக்கலைன்னா ஓகே சொல்லு."

அடுத்தது அவருடைய பதில். அதே மாநாட்டுக் குரல். "ஓகேடா கண்ணு, ஓகே!"

"தாத்தா, உன் மூக்கு வாழைக்கா மாதிரி இருக்கு. சரியா?"

"வெரி குட்டா கண்ணு. ஓகே!"

நாற்காலியில் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சார் கூடச் சிரித்த மாதிரி இருந்தது. அடுத்தது ஓடியது.

"தாத்தா, நான் உன்கூட இனிமே பேச மாட்டேன். சரியா?"

"ஓகேடா கண்ணு. சாப்பிட்டியா? ஓகே!"

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மெட்ரோ வந்தது. நான் கையைத் தூக்கவில்லை, நிறுத்த எதுவும் ஓடவில்லை. ரயில் போனதும் அண்ணன் போனை எடுத்து விரலால் தேடித் தேடி அழுத்தினார். அது இன்னும் ஸ்பீக்கரோடுதான் இணைந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. துண்டிக்க எனக்கும் தோன்றவில்லை. அங்கே மணி அடித்தது. அவர் மகள் எடுத்தாள். ஏதோ கேட்டாள். பிறகு ஒரு சின்ன மூச்சு, மிக அருகில்.

"தாத்தா?" என்றது அந்தக் குரல், நம்பிக்கை இல்லாமல். "கேக்குதா? கேக்கலைன்னா ஓகே சொல்லு."

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "சொல்ல மாட்டேன் போடி" என்றார்.

 அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, கீச்சென்று, ஸ்பீக்கரைக் கிழிப்பது போல. என் உள்ளங்கையின் கீழ் பெட்டி அதிர்ந்தது. நாகராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், துடைக்க மறந்துவிட்டார்.

இரண்டில் எது நல்லது என்று கேட்கிறீர்கள் பிள்ளைகளே. அப்போது எரிந்தது பச்சையா சிவப்பா என்று நான் பார்க்கவில்லை.